முகம் கீழே

1. கழுவாத வேலை

சுவிஸில், டாவோஸ் ஹோட்டல் ஒன்றின் குசினியில் இருபத்திரண்டு வருடம் கோப்பை கழுவியவன் நான். முதுகு மறுத்துவிட்டதால், வேலை தேடித்தரும் அலுவலகம் என்னை ஒரு நூதனசாலையின் டெப்போவுக்கு அனுப்பியது. டெப்போ என்றால் காட்சிக்கு வைக்காத பொருட்களை அடுக்கி வைத்திருக்கும் பெரிய மண்டபம். முதல் நாள் செஃப், அதாவது அங்கே எனக்கு மேலதிகாரி, என் கையில் ஒரு சோடி நீலக் கையுறையைத் தந்து சொன்ன முதல் வசனம் இதுதான்:

"இஞ்சை ஒண்டையும் கழுவக்கூடாது. துடைக்கவும் கூடாது."

அவர் சொன்னது டொச், அதாவது ஜேர்மன் மொழியில். எனக்கு நினைவில் நிற்பது எங்கள் தமிழில்தான், அதனால் அப்படியே எழுதுகிறேன். கையுறை பொருளுக்காக மட்டுமல்ல, எங்களுக்காகவும்தான். பழைய காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க மரச் சாமான்களுக்கு நஞ்சு அடித்திருக்கிறார்கள். அது இன்னும் அவற்றில் ஊறிக் கிடக்கிறது.

செஃபின் குடும்பப் பெயர் அம்மன். இந்த நாட்டில் சாதாரணமான பெயர். முதல் கிழமை நான் வீட்டுக்குப் போய், "இண்டைக்கு அம்மன் ஏசிப்போட்டார்" என்று சொன்னபோது என் மனைவி றோஸ் பதறிப்போய்ச் சிலுவை அடையாளம் போட்டாள். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். மூன்று மாதம் தவணை வேலை. பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. ஐம்பத்தைந்து வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

2. சுரூபம்

ஆறாம் கிழமை டெப்போவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றத் தொடங்கினோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு செட்டல், அதாவது ஒரு துண்டுக் கடதாசி உண்டு. எப்படிப் பொதி செய்வது என்று றெகுலா அதில் எழுதியிருப்பாள். பழைய பொருட்களைப் பழுதாகாமல் காப்பதுதான் அவளுடைய படிப்பும் தொழிலும். சொன்னபடி செய்ததும் அதற்குப் பக்கத்திலுள்ள சின்னக் கட்டத்தில் சரி போட்டு, பெயரின் முதல் எழுத்தை வைக்க வேண்டும்.

அன்று என் மேசைக்கு வந்தது ஒரு பெண் முகம். அங்கோலாவில் சொக்வே என்ற சனங்கள் ஆட்டத்துக்காக மரத்தில் குடைந்த முகமூடி. அதன் பெயர் ‘ப்வோ’, பெண் என்று பொருளாம். ஒரு றாத்தல் பாணைவிடப் பாரமில்லை. பாதி மூடிய கண், நெற்றியில் சிலுவை போல ஒரு கீறல், கண்களுக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி கோடுகள். பின்னுக்கு நாரால் திரித்த கருஞ்சடைகள் செம்மண் பூசித் தொங்கின. நான் அதைக் கையில் எடுத்தேன், பிறகு வைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு அமைதியான முகம்.

செட்டலில் "முகம் கீழே" என்று இருந்தது.

ஊரில் மாதா சுரூபம் தூக்கும் ஆட்களில் நானும் ஒருவன். பெருநாளுக்கு முன் சுரூபத்துக்கு வர்ணம் பூச இறக்குவோம். மல்லாக்கத்தான் கிடத்துவோம், அதுவும் வெள்ளைச் சீலை விரித்து. முகத்தைக் கவிழ்த்து வைப்பதாவது! அப்படி வைக்க எவனாவது கை நீட்டியிருந்தால், பெருநாளை முன்னின்று நடத்தும் சம்மாட்டியார் அவனுடைய கையை முறித்திருப்பார். இது மாதா இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நெற்றியில் சிலுவை, கன்னத்தில் கண்ணீர். என் கை ஒப்பவில்லை.

கேட்டிருக்கலாம். றெகுலா நாலு மேசை தள்ளித்தான் நின்றாள். ஆனால் கேட்டால் செட்டல் வாசிக்கத் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று எனக்குப் பயம். பெட்டிக்குள் இரண்டு ஸ்பொஞ்சுத் துண்டுகள் கிடந்தன. அவற்றைத் தலையணை மாதிரி வைத்து, அவளை மல்லாக்கக் கிடத்தி மூடினேன். "முகம் கீழே" என்பதற்குப் பக்கத்துக் கட்டத்தில் சரி போட்டேன். ‘சூ’ என்று எழுத்தும் வைத்தேன். என் பெயர் சூசைப்பிள்ளை.

3. செம்மண் தூள்

மூன்று கிழமை கழித்துப் புது டெப்போவில் அந்தப் பெட்டியைத் திறந்தோம். சடைகள் எல்லாம் முகத்துக்கு அடியில் நசிந்து போயிருந்தன. இரண்டு சடை அறுந்து தனியாகக் கிடந்தது. பெட்டியின் அடியில் செம்மண் தூள். றெகுலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மன் சத்தம் போடவில்லை. செட்டலை எடுத்து வாசித்தார். "முகம் கீழே, சரி போட்டிருக்கு. பொதி செய்ததிலை பிழையில்லை. லொறியிலை ஏத்தேக்கை ட்ரைவர் பெட்டியைப் பிரட்டியிருக்கிறான், உள்ளுக்கை இதுவும் பிரண்டிருக்கு. நாளைக்கு லொறிக் கொம்பனிக்கு எழுதுறன்."

ட்ரைவரின் பெயர் வேறொரு தாளில் இருந்தது. அம்மன் அதைத் தேடி எடுத்துச் செட்டலோடு சேர்த்துக் குத்தினார். நான் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டே நின்றேன்.

இதில் இன்னொரு தலையிடியும் இருந்தது. அடுத்த நாள் அந்த முகமூடியைப் பார்க்க டொமிங்கோஸ் என்றொரு சொக்வே மனிதர் வருவதாக ஏற்பாடு. பீல் நகரில் பஸ் ஓட்டுகிறவர். றெகுலாதான் தேடிப் பிடித்து அழைத்திருந்தாள்.

பின்னேரம் வீட்டில் றோஸ் புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்ன, குழம்பு சரியில்லையோ?"

நடந்ததைச் சொன்னேன்.

"அந்த ட்ரைவர் ஆர்?"

"ஆரோ ஒரு போத்துக்கீசன். நான் கண்டதுகூட இல்லை."

"அவனும் இப்ப வீட்டிலை இருந்து சாப்பிடுவான், என்ன? நாளைக்கு என்ன வருமெண்டு தெரியாமல்."

என் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

4. தாடிக்கார மாமன்

காலையில் ரயிலில் டொச்சில் ஒரு வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். செஃபின் முன்னால் நின்றதும் அது பறந்துவிட்டது. "ட்ரைவர் இல்லை, நான்" என்று மட்டும்தான் வந்தது.

அவர் பேனையை வைத்தார். "முகம் மேலை வைச்சியளோ? ஏன்?"

சுரூபத்தைச் சொன்னேன், மன்னாரைச் சொன்னேன், வெள்ளைச் சீலையைக் கையால் விரித்தும் காட்டினேன். டொச் போதாத இடத்தில் கைதான் கதைத்தது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு கொம்பனிக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

"வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுறன், ஹெர் சூசை."

பத்து மணிக்கு டொமிங்கோஸ் வந்தார். நரைத்த தலை, இஸ்திரி போட்ட சேர்ட். முகமூடியின் முன்னால் கைகட்டி நெடுநேரம் நின்றார். அறுந்த சடைகளைக் கண்டதும் என்ன நடந்தது என்று கேட்டார். றெகுலா என்னைப் பார்த்தாள். திரும்பவும் நானே சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இவளைக் கவிழ்க்கக் கூச்சப்பட்டியளோ? ஐயா, இதைப் போடுறது ஆம்பிளையள். எங்கடை மாமன் ஒருத்தர் ஆடினவர். உள்ளுக்கை இவ்வளவு தாடி!" என்று நெஞ்சுவரை கையைக் கொண்டுபோனார். "ஆனா ஆடத் துவங்கினா, பொம்பிளையளே அவரைப் பாத்துத்தான் நடை பழக வேணும்."

அறுந்த சடை அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மாமன் தன்னுடைய முகமூடிக்கு நார் பழசாகப் பழசாகப் புதிதாகப் பின்னிப் போடுவாராம். "நீங்களும் புதுசாப் பின்னுங்கோவன்" என்றார். இங்கே அப்படிச் செய்ய முடியாது, அறுந்ததை அறுந்தபடியே ஒரு பையில் இலக்கமிட்டு வைப்போம் என்று றெகுலா விளக்கினாள்.

"அப்ப இவள் இனி ஆடமாட்டாள்," என்றார் அவர். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை.

அவர் போன பிறகு றெகுலா என்னைக் கூப்பிட்டு எப்படி வைப்பது என்று காட்டினாள். நான் தலையணையாக்கிய இரண்டு துண்டும் நெற்றிக்கும் நாடிக்கும் அளவெடுத்து வெட்டியவை. அவற்றின் மேல் கவிழ்த்தால் கண், மூக்கு, வாய் எதுவும் பெட்டியில் படாது. முகம் கீழே என்றால் தரையில் முகம் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த முகத்தை எதுவும் தொடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. கவிழ்த்து வைத்ததும் அதன் உட்பக்கத்தை முதல் தடவை பார்த்தேன். நெற்றி முட்டும் இடம் மட்டும் வியர்வையில் கறுத்து, தேய்ந்து, வழுவழுப்பாக இருந்தது. யாரோ ஒரு மனிதன் பல நாள் அதற்குள் நின்று ஆடியிருக்கிறான்.

5. வெள்ளிக்கிழமை

அம்மன் கதவைச் சாத்திவிட்டு என்னை இருக்கச் சொன்னார்.

"முகத்தை மேலை வைச்சது பிழை. அதை றெகுலா பழக்குவா. செய்யாத வேலைக்குச் சரி போட்டது பொய். அதை ஆர் பழக்கிறது?"

தவணையை ஒரு மாதம் நீட்டினார். அந்த மாதம் நான் பொதி செய்த ஒவ்வொரு பெட்டியையும் அவரே திறந்து பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் வரவில்லை. மாத முடிவில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். அதற்குப் பிறகு பத்து வருடம் போய்விட்டது; வருகிற மாதம் ஓய்வு பெறுகிறேன்.

எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஒரு வேலைக்கு உங்கள் கை ஒப்பாமல் போகலாம். அது குற்றமில்லை. அப்போது செட்டலில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். வெறும் கட்டத்தைக் கண்டால் யாராவது வந்து ஏன் என்று கேட்பார்கள். சரி போட்ட கட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.