தழும்புக்கும் ஒரு கோப்பு

கோப்பு கைக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது நோயாளியின் பெயரை அல்ல, எழுதியவரின் கையெழுத்தை. பிறகு தேதி. அதன் பிறகு, யார் சொல்லக் கேட்டு எழுதியது என்று. ஏதாவது ஒன்று இடித்தால், "இது நின்னுக்கிட்டே அவசரமா எழுதினது" என்று முணுமுணுத்து ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார்.

மருத்துவமனையின் அடித்தளத்தில் பழைய கோப்புகள் உள்ள அறை அவருடைய பொறுப்பு. பக்கத்து மேசையில் தட்டச்சு செய்பவன் நான். வார்டுகளில் அந்த அம்மாவுக்குப் பெயரே 'சரித்திரம்'தான். ஐம்பத்து மூன்று வயது. வரலாற்றில் முதுகலை, ஒரு பழைய துறைமுகத்தின் கடிதங்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். படிப்பு முடிந்து ஆறு வருடம் வேலை தேடிக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியிருக்கிறார். சாப்பிடும்போது தம்பி கேட்பானாம்: "செத்துப்போன ராஜாவோட தேதியெல்லாம் தெரியுது. உனக்கு வேலை கிடைக்கிற தேதி மட்டும் தெரியலையேக்கா." கடைசியில் இந்த அறை கிடைத்தது. "பழசைக் கிளறத்தானே படிச்சேன். கிளறிக்கிட்டு இருக்கேன்" என்பார், கழுத்தைப் பிடித்துவிட்டபடி.

போன மாதம் ஒரு காலை, விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் வந்த ஒருவரின் பழைய கோப்பைக் கேட்டு மூன்றாம் மாடியிலிருந்து தொலைபேசி வந்தது. காலில் அவசர அறுவை சிகிச்சை. கணினி காட்டியது ஒரே ஒரு கோப்பு, இரண்டு வருடத்துக்கு முந்தையது, காய்ச்சலுக்காக. 'மருந்து ஒவ்வாமை எதுவுமில்லை' என்றிருந்தது. கொடுத்தனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் அடுத்த வரியில் நின்றுவிட்டார். 'தகவல் தந்தவர்: மனைவி. வயிற்றில் பழைய தழும்பு.'

வார்டு நர்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அந்தத் தழும்பு கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னு அவரோட சம்சாரத்தைக் கேளும்மா."

நர்ஸ் சலித்துக்கொண்டே கேட்டுவந்து சொன்னாள். "முன்னாடியாம். இங்கதான் ஆபரேஷன் பண்ணாங்களாம்."

"அப்போ அந்தம்மா அவர்கூட இல்லை, ஒவ்வாமை பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இங்க பண்ணியிருந்தா இன்னொரு கோப்பு இருக்கணும்."

கணினி வருவதற்கு முந்தைய கோப்புகள் உள்ளே, கடைசி அலமாரிகளில். இருவரும் தேடினோம். அரை மணி நேரம் கழித்து, பெயரில் ஓர் எழுத்து மாறி, வேறு கட்டுக்குள் கிடைத்தது. உள்ளே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: அறுவைக்கு முன் போடும் ஊசிமருந்தின் பெயர், போட்ட நான்காம் நிமிடம் மூச்சுத் திணறல், நேரம், கையெழுத்து.

மின்தூக்கி வேலை செய்யவில்லை. முட்டி வலியோடு மூன்று மாடி ஏறினார், பின்னாலேயே நானும். அறுவை சிகிச்சைக் கூடத்தின் வாசலில் டாக்டர் முகக்கவசத்தை இறக்காமலே சொன்னார்: "கம்ப்யூட்டர்ல அப்படி எதுவும் இல்லையேம்மா."

"கம்ப்யூட்டர் அப்புறம்தான் வந்தது டாக்டர்."

மயக்கமருந்து டாக்டர் அந்தப் பக்கத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். உள்ளே போய், நிரப்பி வைத்திருந்த ஊசியை எடுத்து ஒதுக்கினார். அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது.

கீழே வந்து காலை நீட்டி உட்கார்ந்தவரிடம், "ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க" என்றேன்.

"நான் எங்க காப்பாத்தினேன்? அன்னைக்கு ஒருத்தர் நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதி வச்சாரே, அவருதான். எனக்கு இப்போ ஒரு டீ கிடைச்சா போதும்."

மூன்று வாரம் கழித்து அந்த மனைவி வந்தார். கணவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கோப்பின் நகல் வேண்டும். அன்று நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நாலு இடம் அலைந்த எரிச்சல் எங்கள் ஜன்னலில் வந்து வெடித்தது. "ஒரு பேப்பர் எடுக்க இவ்வளவு நேரமா? உள்ள உக்காந்து என்னதான் பண்றீங்க?"

நான் வாயைத் திறந்தேன். 'சரித்திரம்' என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். எழுந்து, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலுக்கு வெளியே அந்தம்மாவுக்கு அருகில் போட்டார். "உக்காருங்க" என்றுவிட்டு அலமாரிகளுக்குள் நடந்தார்.