சியன்னாவில் ஒரு மதியத் தூக்கம்

வெயில் குடித்த செங்கல்லின் சூடு பாவாடைத் துணியையும் தாண்டித் தொடையில் ஏறியது இன்றைக்கும் எனக்கு உடம்பில் இருக்கிறது. இத்தாலியின் சியன்னா நகரத்துப் பெரிய சதுக்கம் அது. முற்றம் முழுவதும் செங்கல் பாவி, நடுவை நோக்கிச் சரிந்து, யார் வந்தாலும் படுத்துக்கொள் என்று சொல்வது போல் கிடந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது.

ஒஸ்லோவில் வெஸ்ட்லி அடுக்குமாடிகளில் இருந்து மூன்று குடும்பங்கள் சேர்ந்து போயிருந்தோம். அம்மா விடியற்காலையில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்வா, பின்னேரம் முதியோர் இல்லத்தில் வேலை செய்வா. அவ கண்ணயர்வது “ரீபானே” என்று நாங்கள் சொல்லும் சுரங்க ரயிலில்தான். வெஸ்ட்லி கடைசி நிறுத்தம் என்பதால் இறங்க மறந்துவிடுவோமோ என்ற பயம் இல்லை. அந்தப் பயணத்துக்கு அவ வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: “ஒரு கிழமைக்கு நான் அடுப்புக்குக் கிட்டவும் வரமாட்டன், சொல்லிப்போட்டன்.”

ஆனால் எங்கள் ஆட்கள் பயணம் போவதென்றால் அடுப்படியும் கூடவே வரும். அரிசி, வறுத்த மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, அதற்கு மேல் குடும்பத்துக்கொரு சோற்றுக் “குக்கர்”. மூன்று எதற்கு என்றால், பக்கத்து வீட்டு ராணி மாமி வெள்ளிக்கிழமை விரதக்காரி. மீன், இறைச்சி என்று மச்சம் பட்ட குக்கரில் அவவுக்குச் சோறு போட முடியாது. “பிள்ளையள் எத்தினை நாளைக்குப் பாணையும் பட்டரையும் திண்டுகொண்டு கிடக்கிறது?” என்று மாமி முதல் நாளே கேட்க, அம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினா. ஆற அமர ஊர் பார்க்க வந்த கூட்டம் காலைச் சமையலை முடித்து, ஏனம் கழுவி, வெளியே இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிடும். நாலு தெரு நடந்தால் இரவுச் சமையல் கூப்பிடும். நான் அம்மாவோடு அந்தச் சதுக்கத்துக் கோபுரத்தில் ஏற வேண்டும் என்று தினமும் நச்சரித்தேன். அவவும் தினமும் “நாளைக்கு” என்றா.

வெள்ளிக்கிழமை மூன்று குக்கரையும் ஒரே நேரத்தில் போட்டார்கள். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த பழைய வீட்டு மின்சாரம் அதைத் தாங்கவில்லை. டக்கென்று எல்லாம் அணைந்தது. மின்பெட்டி கீழே பூட்டிய அறைக்குள், சாவியோ வீட்டுக்காரரிடம். அப்பாவும் மற்ற ஆண்களும் அவரைத் தேடிப் போனார்கள். மாமி பாதி வெந்த அரிசியைப் பார்த்துத் தலையில் கைவைத்தா. “கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திட்டுது,” என்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. “வா பிள்ளை, போவம்.”

சதுக்கத்தில் ஆளுக்கொரு துண்டு பீட்சா சாப்பிட்டோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தா. நான் ஒரு கேள்வி கேட்டுத் திரும்புவதற்குள் தூங்கிப் போனா. வாய் லேசாகத் திறந்திருந்தது. வெடித்த குதிக்கால்கள் எல்லோருக்கும் தெரியும்படி நீண்டு கிடந்தன. சுற்றிலும் எத்தனையோ பேர் அப்படித்தான் கிடந்தார்கள் என்றாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. கோபுரம் மூடப் போகிறது என்ற அவசரம் வேறு. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அம்மா, எழும்புங்கோ.”

அவ திடுக்கிட்டு எழும்பிச் செருப்பைத் தேடினா. “என்ன, வெஸ்ட்லி வந்திட்டுதே?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவ செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, முழங்காலைப் பிடித்துப் பிடித்து, நானூறு படிக்குக் குறையாத அந்தக் கோபுரத்தில் எனக்குப் பின்னால் ஏறினா. இரவு மின்சாரம் வந்தது. அவ திரும்பவும் வெங்காயம் உரித்தா.

இப்போது ராணி மாமி குடும்பம் தூரத்து ஸ்தவாங்கர் நகரத்தில், மற்றவர்கள் லண்டனில். மூன்று குக்கர் ஒன்றாகக் கொதிக்கிற பயணம் எதுவும் இல்லை. நானும் மருத்துவமனையில் முறை மாறி மாறி வேலை செய்து, ரயிலில் தூங்கி வீடு வருகிற ஆளாகிவிட்டேன். அம்மா ஓய்வு பெற்றுவிட்டா. அவவை எழுப்ப யாரும் இல்லை, தூக்கம்தான் வருவதில்லை. மாத்திரை போட்டாலும் விடிய விடியக் கண்ணை விழித்துக்கொண்டு கிடக்கிறா. போன மாதம், திரும்ப ஒருமுறை சியன்னாவுக்குப் போவோமா என்று கேட்டேன்.

“இனி அங்கை போய் என்ன செய்யிறது? அண்டைக்கு அந்தக் கல்லிலை வந்த மாதிரி ஒரு நித்திரை பிறகு எனக்கு வரேல்லைப் பிள்ளை,” என்றா. கோபமாகச் சொல்லவில்லை.

கோபுரத்தின் உச்சியில் நின்று நான் என்ன பார்த்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.