உள்பக்கம் தெரிந்த மேசை விரிப்பு

என் மனைவி ஜாக்கெட் தைக்கும் மெஷினில் நானும் உட்கார்ந்து தைக்கிறேன் என்பது தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தறியில் உட்காரும் ஆணை ஆரணியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அழகு பார்க்கும் ஆணை அப்படி விடமாட்டார்கள். ஒருநாள் ஜாக்கெட் துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டம்மாள் பார்த்துவிட்டார். மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்றேன். சில நாள் கழித்து மறுபடியும் பார்த்தார்.

"இன்னாண்ணா, உங்க மெஷினு இப்படி எண்ணெ குடிக்குது? லாரிகூட இவ்ளோ குடிக்காது."

உள்ளே என் மனைவி சிரித்தது எனக்குக் கேட்டது.

நான் பட்டுச் சேலை நெய்கிறவன். தறியில் புது டிசைன் ஏற்றினால் முதலில் கொஞ்சம் நெய்து, பூ சரியாக விழுகிறதா என்று பார்த்து, அதை அறுத்து எடுத்துவிடுவோம். அந்தப் பட்டுத் துண்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்ந்திருந்தன. போனில் ஒரு வெளிநாட்டு அம்மாள் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதைப் பார்த்ததும் பெட்டி நினைவுக்கு வந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். அவர் பேசுவது ஒன்றும் புரியாது, கையை மட்டும் பார்ப்பேன். முதலில் தைத்த தலையணை உறையில் ஒரு மூலைகூட இன்னொரு மூலையோடு சேரவில்லை. பட்டு வழுக்கிக்கொண்டே போனது. இஸ்திரி போட்டுவிட்டுத் தைக்க வேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது.

மகளைக் கண்ணமங்கலத்தில் கொடுத்திருக்கிறோம். சம்மந்தி ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். அங்கே போனால் நான் "வணக்கங்க", "போதுங்க" என்பதைத் தவிர அதிகம் பேசியதில்லை. அப்பா ஏன் இப்படி வாயில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மகளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் புது டைனிங் டேபிள் வாங்கி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, அதன் நடுவில் நீளமாக விரிக்கிற ரன்னர் ஒன்றைத் தைத்துக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. என் வாய் பேசாததை அது பேசட்டும் என்று நினைத்தேன்.

பிளெயின் துண்டு ஒன்று, சிறு சிறு பூக்களாகப் புட்டா போட்ட துண்டு ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்துத் தைத்தேன். இந்த முறை மூலைகள் சேர்ந்தன. மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவால்லியே" என்றாள். மகளுக்கும் போனில் சொல்லிவிட்டாள்.

சம்மந்தியம்மாள் அதை மேசையில் விரித்து நீவினார். அவர் வளையல் ஒரு சரிகை இழையில் மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தார்.

"இது உள்பக்கம் இல்ல? பூவுக்குப் பூ நூலு ஓடுது பாருங்க."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் தரையைப் பார்த்திருக்கும். நெய்கிறவன் கண்ணுக்கு மேலே தெரிவது உள்பக்கம்தான். நல்ல பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய பக்கத்தையே நல்ல பக்கம் என்று கை எடுத்து வைத்திருக்கிறது. புட்டாத் துண்டுகள் எல்லாமே அப்படி. நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும் மனைவிக்கும் தெரியவில்லை.

"எங்க வாங்கினீங்கண்ணா?" என்று சம்மந்தியம்மாள் கேட்டார்.

"கடையில" என்றேன்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. மகள் சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

சம்மந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "பட்டு ஊர்லயே இப்படி ஏமாத்தறான் பாருங்க. தூங்கிகினே தெச்சிருக்கான். சும்மா உடாதீங்க, எட்த்துனு போயி மூஞ்சியில கடாசுங்க."

"மாத்திக்கினு வரேங்க" என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்தேன். அதன் பிறகு என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் மனைவி, "தப்பா தெச்சா இன்னா, குடி முழுகிப் போச்சா? இல்லாத கடைய எதுக்கு இழுத்தீங்க?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தப்பாகத் தைத்ததுகூட மறந்துபோகும். என் கையால் செய்ததை மகள் முன்னாலேயே எனதில்லை என்று சொன்னேனே, அதுதான் உடம்பெல்லாம் கூசியது.

தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பட்டில் ஊசி போன துளைகள் மறையவில்லை. புட்டாத் துண்டுகளைத் திருப்பி வைத்து மறுபடி தைத்தேன். நல்ல பக்கம் வெளியே தெரிந்தபோது அது யாரோ நெய்த துணி மாதிரி இருந்தது.

அடுத்த முறை போனபோது சம்மந்தியம்மாளின் தங்கையும் வந்திருந்தார்.

"மாத்திக் குட்த்துட்டாங்களா? நல்ல கடதான்" என்று சொல்லிக்கொண்டே சம்மந்தியம்மாள் விரித்தார். தங்கை ஆசையாகப் பார்த்தார். "எந்தக் கடைண்ணா? எனக்கும் ஒண்ணு வாங்கணும்."

மகள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்த பிறகும் செம்பை நிமிர்த்தவில்லை.

"கட எதுவும் இல்லீங்க" என்றேன். "நான்தான் தெச்சேன். அன்னிக்கும் நான்தான்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. சம்மந்தி மட்டும் தொண்டையைச் செருமினார். "தெரியுங்க சம்மந்தி. நீங்க அப்படிப் போனதும் உங்க பாப்பா சொல்லிட்ச்சு. நான் வேற தூங்கிகினே தெச்சான்னு சொல்லி வெச்சிட்டேன். இத்தினி நாளா பேஜாரா கீது."

அப்படியென்றால் இத்தனை நாளும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்திருக்கிறது. என் பொய் உடையக்கூடாது என்றுதான் கடையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். தலை நிமிர முடியவில்லை. மகள் ஒரு துணியை எடுத்து, சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். துடைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்த ஓரத்துல ஒண்ணு இன்னும் திரும்பியே கீதுப்பா" என்றாள் மெதுவாக.

பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. விரலால் தடவிய பிறகுதான் இழைகள் தட்டுப்பட்டன.