பிடுங்கிய பந்தக்கால்

பிரிக்பீல்ட்ஸில் பந்தல் போட்டே எனக்குத் தலை நரைத்தது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. காற்றில் பந்தல் சரிந்திருக்கிறது. கீற்றில் தீப்பிடித்திருக்கிறது. அதற்கெல்லாம் நான் அசந்ததில்லை. ஊன்றிய பந்தக்காலைப் பிடுங்கு என்று ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்து சொன்ன காலையில்தான் அசந்துபோனேன்.

இப்போது மண்டபத்தில் கல்யாணம் வைப்பவர்கள் பந்தக்காலை வாசலில் ஒரு தகர டின்னில் நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. நல்ல நாள் பார்த்து, ஈசானிய மூலையில் குழி தோண்டி, நவதானியம் போட்டு, சுமங்கலிகள் பால் ஊற்றி ஊன்ற வேண்டும். ஊன்றிவிட்டால் கல்யாணம் அந்த இடத்தில்தான். தாலி ஏறி முடியும் வரை அதை யாரும் அசைக்கக் கூடாது. அசைத்தால் பெண்ணின் தாலிக்கு ஆகாது என்பார்கள். தொழிலில் இருந்த எங்களுக்கே அந்தப் பயம் உண்டு.

1. இடம் பார்த்தது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. வேலையில் இருந்தவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ராமசாமி ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ரயில் பாதையை ஒட்டியிருந்த குவாட்டர்ஸ் வரிசையில் குடியிருந்தார். அவருடைய ஒரே மகளுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை அமைந்தது. ரப்பர் கிடங்கில் கணக்கெழுதுகிற கிராணி, இங்கிலீஷ் படித்தவன். அவனுடைய தாயார் தங்கம்மாள், சின்ன வயதில் புருஷனை இழந்தவர். துறைமுகத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்து, அந்த அடுப்புச் சூட்டிலேயே மகனை ஆளாக்கியவர். கல்யாணமும் சாயங்கால வரவேற்பும் பெண் வீட்டார் பொறுப்பு. இடம் பார்த்துக் கொடுத்துப் பந்தலும் போட வேண்டியது என் வேலை.

இடம் பார்க்கத் தங்கம்மாளும் வந்தார். அன்றே எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோயில் மண்டபத்தைக் காட்டினேன். தூண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே ஒரு பந்திக்கு எத்தனை இலை போடுவாய் என்று கேட்டார். தூணுக்குத் தூண் எண்ணிப் பார்த்தேன், போதாது. அடுத்து ஒரு சங்கத்தின் கூடத்தைக் காட்டினேன். நாற்காலி, மின்விளக்கு எல்லாம் உண்டு. ஆனால் மாடியில் இருந்தது. வயதானவர்களை யார் தூக்கிக்கொண்டு ஏறுவது, ஓமப் புகை எங்கே போகும், பெண்பிள்ளைகள் ஒதுங்க இடம் எங்கே என்று வரிசையாகக் கேட்டார். கூடத்துச் செயலாளர் ஓமமே வளர்க்கக் கூடாது என்று சொன்னதும் படி இறங்கிவிட்டார். மூன்றாவதாகப் பார்த்த பள்ளிக்கூடக் கொட்டகை ஒழுகியது.

கடைசியில் குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மேட்டுத் திடல்தான் அமைந்தது. மழைத் தண்ணீர் நிற்காது. குழாய் பக்கத்தில். பங்சார் தோட்டத்திலிருந்து வரும் உறவுக்காரர்கள் குவாட்டர்ஸ் வீடுகளில் தங்கிக்கொள்ளலாம். குவாட்டர்ஸை மேற்பார்க்கிற மண்டோரிடம் ராமசாமி கேட்டார். பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம்தானே, தாராளமாகப் போடு என்று அவரும் சொன்னார். தங்கம்மாள் திடலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சரி என்றார். சிரிக்கக்கூட இல்லை.

வாசல் கிழக்கே பார்க்க வேண்டும், மணவறை எந்தப் பக்கம், அடுப்பு எந்த மூலை என்று ஐயரும் நானும் அரை நாள் அளந்தோம். திசைகளை எல்லாம் பார்த்தோம். பக்கத்தில் வளைந்து போகிற தண்டவாளத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ரயிலோடு வாழ்கிற ஜனங்களுக்கு ரயில் கண்ணில் படுவதில்லை.

2. இன்ஸ்பெக்டர் வந்த காலை

நல்ல நாளில் கால் ஊன்றினோம். பிறகு மூங்கில் கட்டி, பக்கத்துக்கு அத்தாப்பு ஓலை மறைப்பு வைத்து, கூரையும் பாதி வேய்ந்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள். காலையில் நான் ஏணி மேல் நின்று ரோத்தான் பிரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். பாதை இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தோரமாக நடந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. பந்தலையும் வளைவையும் மாறி மாறிப் பார்த்தார். ராமசாமியைக் கூப்பிடச் சொன்னார்.

விஷயம் இதுதான். வளைவு திரும்பி வருகிற டிரைவருக்குத் திடலுக்கு மேலாகத்தான் சிக்னல் கைகாட்டி தெரியும். பந்தல் அதை மறைத்துக்கொண்டு நின்றது. கைகாட்டி விழாமல், நில் என்று நிமிர்ந்திருப்பதை டிரைவர் பார்க்கத் தவறினால் நிற்கிற ரயிலில் போய் மோதுவான். போதாததற்கு மறுநாள் காலையில் இன்ஜினியர் துரை டிராலியில் பாதை பார்க்க வருகிறார்.

பந்தலை இப்போதே பிரித்துவிடுகிறோம், கால் மட்டும் நிற்கட்டும் ஐயா என்று நான் கெஞ்சினேன். கால் நின்றால் மணவறையையாவது அதன் அருகில் திறந்த வெளியில் வைத்துச் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. அவர் கேட்கவில்லை.

“நான் ஆருடைய கலியாணத்தையும் குழப்ப வரேல்லை. இது ரயில்வே நிலம். துரை வரேக்குள்ள இஞ்ச ஒரு தடிகூட நிக்கேலாது. நிண்டா ராமசாமியின்ர வேலையும் போகும், வீடும் போகும். எனக்கும் நல்லதில்லை.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பந்தலைப் பிரிக்க என் ஆட்கள் தயங்கவில்லை. அத்தாப்பு மளமளவென்று இறங்கியது. அவர்கள் மூங்கிலை உருவினார்கள். மஞ்சள் துணி கட்டிய அந்த ஒற்றைக் கால் மட்டும் மாவிலையோடு தனியாக நின்றது. அதன் அருகே போக யாருக்கும் மனம் வரவில்லை. என்னிடம் வெகுகாலம் இருந்த மேஸ்திரியிடம் கடப்பாரையை நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அண்ணே, எனக்கும் பொண்ணு இருக்கு. நான் தொட மாட்டேன்.”

அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. எனக்கும் அதைத் தொடத் துணிவு இல்லை என்பதால் கோபம் இன்னும் கூடியது. ராமசாமியின் மனைவி செல்லம்மா ஓடி வந்து காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலை போனால் போகட்டும், ரப்பர் தோட்டத்துக்குப் போய்ப் பால் மரம் வெட்டிப் பிழைக்கிறேன், என் மகள் தாலியில் கை வைக்காதீர்கள் என்று அழுதார். வேலை போய்விட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று ராமசாமிக்குத் தெரியும். காலைப் பிடுங்கினால் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். எப்படிப் போனாலும் மகளின் கல்யாணம்தான் அடிபடும்.

இதில் ஒரு கெட்ட நேரம் என்னவென்றால், தங்கம்மாள் அன்றைக்குத்தான் பந்தலைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். கிள்ளான் ரயில் வருகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. வேறு இடத்தில் புதுக் காலை நட்டு அந்த அம்மாளிடம் மறைத்துவிடலாமா என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். நானும் ஒரு கணம் அதற்குத் தலையாட்டினேன். ராமசாமிதான் வேண்டாம் என்றார்.

3. கிள்ளான் ரயிலில் வந்தவர்

தங்கம்மாள் வெள்ளைப் புடவையும் கையில் ஒரு தூக்குச் சட்டியுமாக வந்தார். பிரித்துப் போட்ட மூங்கிலையும், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சம்பந்தியையும் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கோயில் மண்டபத்துக்கே அத்தனை கேள்வி கேட்டவர் இதற்கு என்ன பேசப் போகிறாரோ என்று பயந்தேன். கல்யாணம் நின்றது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ராமசாமி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கைகாட்டி, துரை, வேலை, வீடு எல்லாவற்றையும் சொன்னார். தங்கம்மாள் கேட்டுக்கொண்டே தண்டவாளத்துப் பக்கம் நடந்தார். வளைவில் நின்று திடலைப் பார்த்தார். திரும்பி வந்து, பந்தல் நின்றபோது அதன் உயரம் என்ன என்று என்னிடம் கேட்டார். கையால் காட்டினேன்.

“அப்ப அந்த ஆளு சொன்னது நெசந்தான். ரயில்ல வர்றவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல.”

பிறகு என்னிடம் கையை நீட்டிக் கடப்பாரையைக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. கொடுத்தேன். செல்லம்மா பதறி, வேண்டாம் சம்பந்தி, தாலிக்கு ஆகாது என்றார். தங்கம்மாள் அவர் பக்கத்தில் குந்தினார். நான் அருகில் நின்றதால் பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

“எங் கல்யாணத்துக்கும் கால் ஊனுனாங்க சம்பந்தி. அஞ்சு சுமங்கலி பால் ஊத்துனாங்க. யாரும் தொடல. தாலி ஏறி மறுநாள் வரைக்கும் ஆடாம அசையாம நின்னுச்சு. மூணாம் வருசம் அவரு காய்ச்சல்ல போய்ட்டாரு.”

செல்லம்மா அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தார்.

“நீங்க யாரும் தொட வேணாம். இதுல ஏதும் பாவம் இருந்தா என்னோட போகட்டும். எங்கிட்ட இனிமே எடுத்துட்டுப் போகத் தாலியா இருக்கு?”

செல்லம்மாவின் கைகளை அவரே மெதுவாக விலக்கினார். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடப்பாரையை மண்ணில் இறக்கினார். கடை நடத்திய கை, வலு இருந்தது. ஆனாலும் நான் ஆழமாக ஊன்றிய மூங்கில், சுலபத்தில் வரவில்லை. ஒரு பெண் தனியாக அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. போய் மறுபக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாக இழுத்தோம். நவதானியம் முளை விட்டிருந்தது. அந்த மண்ணையும் முளையையும் அவர் தூக்குச் சட்டியைக் காலி செய்து அதில் அள்ளிக்கொண்டார். மகனின் கல்யாணத்துக்கென்று அதில் கொண்டுவந்திருந்த அதிரசத்தை என் ஆட்களிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் என்னைப் பார்த்து, அடுத்த இடம் எங்கே என்றார். பழைய தோரணை அப்படியே இருந்தது.

4. பலகைக் கிடங்கு

எனக்கு மூங்கில் கொடுக்கும், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் பலகைக் கிடங்கு ஆற்றோரம் இருந்தது. பெரிய கூரை, நான்கு பக்கமும் திறந்த இடம், தளமும் தரை மட்டம். கல்யாணம் என்று சொல்லிக் கேட்டேன். ‘போலே’ என்று ஒரே வார்த்தையில் சரி சொல்லிவிட்டார். தன் ஆட்களை விட்டுப் பலகைகளை ஒதுக்கியும் கொடுத்தார். ஒரே தொல்லை மரத்தூள். அதற்குப் பக்கத்தில் ஓமம் வளர்ப்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. கூட்டிப் பெருக்கி, ஆற்று மணலைக் கனமாகக் கொட்டி நனைத்து, மணவறையைச் சுற்றித் தண்ணீர்ப் பீப்பாய்களை வைத்தோம். அன்று பகலில் ஒருவரும் உட்காரவில்லை.

மறுநாள் விடிகாலையில் புதிய கால் ஊன்றினோம். ஐயர் அந்த நேரத்தை நல்ல நேரம் என்றார். வேறு நேரம் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். பழைய மண்ணும் முளையும் புதுக் குழிக்குள் போயின. சுமங்கலிகள் பாலோடு வந்து நின்றார்கள். தங்கம்மாள் பலகை அடுக்குக்குப் பின்னால் போய் ஒதுங்கி நின்றுகொண்டார். விதவை முன்னால் வரக் கூடாது என்பது அவருக்குப் பழக்கப்பட்ட விஷயம். யாரும் சொல்லவில்லை, அவராகவே போனார்.

செல்லம்மா பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு அங்கே போனார். அவருடைய கையைப் பிடித்து இழுத்து வந்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பங்சார் தோட்டத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி வாய்விட்டே ஆகாது என்றாள்.

“புடுங்குன கைதான் ஊனணும்” என்றார் செல்லம்மா. “வாங்க சம்பந்தி. நீங்க பிடிங்க மொதல்ல.”

தங்கம்மாள் காலைப் பிடித்தார். அதன் அடியில் மண் தள்ளியவன் நான். கடப்பாரை பிடித்தபோது ஆடாத அந்தக் கை அப்போது கிடுகிடுவென்று நடுங்கியது. அவர் குனிந்துகொண்டார். முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாயங்கால வரவேற்புக்கு மாப்பிள்ளையின் ஆபீஸ் துரை வந்து, பலகை வாசம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். கால் ஊன்றும் முன் நிலம் யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள், வெளியே நின்று நான்கு பக்கமும் பாருங்கள். இதை யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டாவது எனக்கு அந்தக் கிடங்கில்தான் கிடைத்தது. அதன் பிறகு எந்த வீட்டில் கால் ஊன்றினாலும், குடும்பத்தில் ஒதுங்கி நிற்கிற அம்மா யாராவது இருக்கிறார்களா, அவர்களையும் கூப்பிடுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் குழி தோண்டுவேன். சில வீடுகளில் கூப்பிட்டார்கள். சில வீடுகளில் உனக்கெதற்கு இந்த வேலை என்று என்னைத் திட்டி, வேறு பந்தல்காரனை வைத்துக்கொண்டார்கள். அந்த வேலைகள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.