டீச்சர் பொண்ணுக்கு லீவு

மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் எனக்குப் படிக்கத் தெரியாது. இன்று இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அன்றும் நம்பியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் நான் டீச்சர் பொண்ணு. போதாக்குறைக்கு வாய் நீளம். ஒரு பாடத்தை ஒருமுறை காதில் வாங்கினால் போதும், புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டி ஒப்பித்துவிடுவேன். சில சமயம் பக்கத்தைத் திருப்ப மறந்துவிடுவேன், அவ்வளவுதான்.

அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தாள். நாங்கள் குடியிருந்தது திருவண்ணாமலையில். காலையில் அவளோடு பஸ்ஸில் போய், அவள் வகுப்பிலேயே உட்கார்ந்து, சாயங்காலம் அவளோடு திரும்புவேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் அவள் எனக்கு அம்மா இல்லை, டீச்சர். மறந்துபோய் அம்மா என்று கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவாள்.

அட்டைகளை வைத்துப் படிக்கும் முறை அப்போதுதான் வந்திருந்தது. டீச்சர் நாற்காலியில் உட்காரக் கூடாது, பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தட்டிலிருந்து தனக்குரிய அட்டையை எடுத்துப் படித்து, அது வந்த பிறகுதான் அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். மற்ற டீச்சர்கள் முழங்கால் வலி என்று புலம்பினார்கள். அம்மாவுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது. திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பொறுமையெல்லாம் என் பாய்க்கு வந்ததும் எங்கோ போய்விடும். நான் அட்டையைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் வார்த்தையை அவளே சொல்லிவிடுவாள். நான் திருப்பிச் சொல்வேன். "வருதே!" என்பாள். இரண்டு பேருக்கும் திருப்தி.

வட்டார வள மையத்திலிருந்து ஒரு மேடம் அவ்வப்போது வருவார். வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார்ந்து டீச்சர் எப்படிச் சொல்லித்தருகிறார் என்று பார்ப்பதும், எதை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வதும் அவர் வேலை. அந்தத் தடவை அவர் வருவதில் இன்னொன்றும் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு வகுப்பை முன்மாதிரி வகுப்பாகத் தேர்ந்தெடுப்பார்கள், மற்றப் பள்ளி டீச்சர்கள் அங்கே வந்து பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று பேச்சு. அது தன் வகுப்பாக இருக்க வேண்டும் என்று அம்மா உயிரை விட்டாள். தலைக்கு மேல் கட்டியிருந்த கம்பியில் பிள்ளைகள் வரைந்த படங்களையெல்லாம் புதிதாகத் தொங்கவிட்டாள். ஓரம் மடங்கிப்போன அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து இஸ்திரி போட்டாள்.

மேடம் வருவதற்கு முந்தின நாள், "நாளைக்கு நீ வர வேணாம், உனக்கு லீவு" என்றாள் அம்மா.

"எனக்கு மட்டுமா?"

"டீச்சர் பொண்ணுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சருக்குப் பெண்ணாகப் பிறந்ததற்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு பலன் கிடைத்தது.

என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு. அவர் செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு எதிரே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளியைப் பார்க்க வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அதனால் டவுனில் நல்ல ஓட்டலாகப் பார்த்து வடை பாயசத்தோடு கேரியரில் சாப்பாடு வாங்கி மதியத்துக்குள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் பொறுப்பையும் அம்மா மாமாவிடமே கொடுத்திருந்தாள். இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவ்வளவு யோசித்தவள் யோசிக்கவில்லை.

கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவின் பின்சீட்டில் மகாராணி மாதிரி போய் இறங்கினேன். அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இவள ஏண்டா இட்டுன்னு வந்த?"

"இன்னாக்கா, கொழந்தைய தனியா வுட்டுட்டு வரச் சொல்றியா?"

அதற்குள் நான் வகுப்புக்குள் போய் என் பாயில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே மேடத்திடம் சொல்லப்பட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?" என்று மேடம் கேட்டார்.

"காய்ச்சலே இல்ல மேடம். நான் டீச்சர் பொண்ணு, அதான் எனக்கு மட்டும் லீவு."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடம் அவளைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் பார்க்காமல் இருந்தது எவ்வளவு பெரிய மரியாதை என்று இப்போது நினைத்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. தட்டிலிருந்து படம் இல்லாத ஓர் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வாங்க டீச்சர். எப்பவும் சொல்லித்தர்ற மாதிரியே இவளுக்கும் சொல்லித்தாங்க."

அம்மா என் எதிரே உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்தேன், அவள் வார்த்தையைச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். அடுத்த வார்த்தையும் அப்படியே. மேடம் மெல்லக் குனிந்தார்.

"மத்த பிள்ளைங்ககிட்ட எவ்ளோ நேரம் காத்திருந்தீங்க! காலையிலேர்ந்து பாத்துட்டுதானே இருக்கேன். இவகிட்ட மட்டும் ஏன் முந்திக்கிறீங்க?"

அம்மாவின் குரல் சன்னமாக வந்தது. "பயமா இருக்கு மேடம். டீச்சர் பொண்ணுக்கே வரலன்னா மத்தவங்க என்ன சொல்வாங்க?"

"சொல்றவங்க சொல்லட்டும். அடுத்த வார்த்தைக்கு நீங்க வாயே தொறக்காதீங்க. நானும் தொறக்கல."

நான் அட்டையைப் பார்த்தேன். வழக்கம்போல அம்மாவைப் பார்த்தேன். அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டிருந்தாள். மேடத்தைப் பார்த்தேன். அவர் கம்பியில் தொங்கிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி எங்கிருந்தும் வருகிற மாதிரி இல்லை. பக்கத்துப் பாய்ப் பையன் எட்டிப் பார்த்துச் சொல்லப்போனான், அவன் வாயை இன்னொருத்தி பொத்தினாள். வகுப்பில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அழுகை முட்டியது. வேறு வழியில்லாமல் மறுபடியும் அட்டையைப் பார்த்தேன்.

"த" என்றேன். "வ." அம்மாவின் கை புடவைத் தலைப்பை முறுக்கியது. கடைசி எழுத்து எனக்குப் பிடிபடாமல் வெகுநேரம் விளையாட்டுக் காட்டியது. பிறகு எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

"தவளை! ஐ, தவளை மேடம்!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். சொல்லாமல் வந்ததற்கு வீட்டில் பூசை நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் தன் பையிலிருந்த தயிர்சாதத்தை எடுத்துச் சாப்பிட்டார். ஓட்டல் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்கே பங்கு போடச் சொல்லிவிட்டார். கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்து, "இந்த தடவை உங்க வகுப்ப முன்மாதிரின்னு எழுத முடியாது டீச்சர். திரும்பவும் வரேன். அன்னிக்கு எல்லாரும் இருக்கணும்" என்றார். அம்மா தலையாட்டினாள். ஆசைப்பட்டது கைவிட்டுப் போனதே என்று அன்று நான் அவளுக்காக வருத்தப்பட்டிருக்கலாம். பாயசம் என் கவனத்தை எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு அம்மா எனக்கு வார்த்தையை எடுத்துக்கொடுப்பதே இல்லை. காய்கறி நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே காத்திருப்பாள். எனக்கு மகா எரிச்சலாக இருக்கும்.

மேடம் மறுபடி வரப்போகிற நாள் வந்தது. இன்றைக்கும் லீவுதான் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். அம்மா போர்வையை உருவினாள். காய்ச்சல் என்றேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, எழுந்திரு" என்றாள். தலைவாரிப் பின்னி, கனகாம்பரம் வைத்து, கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாமாவின் ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று மாமா திரும்பிப் பார்த்தார்.

"அம்மாவுக்கு எம்மேல பாசம் கம்மியாயிடுச்சு மாமா" என்றேன்.

அம்மா என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். நான் இன்னும் சத்தமாக அழுதேன்.