இரண்டு தாடைப் பஞ்சுகள்

இருபத்தெட்டு வருடம் சன்னல் இல்லாத ஓர் அறையில் வேலை செய்தேன். மொன்றியலில் ஒரு கல்லூரி. எந்தக் கல்லூரி என்று எழுதினால் வழக்குப் போட ஆள் இருக்கிறது, ஆகவே எழுதவில்லை. அங்கே கால்பந்து அணிக்கு நான்தான் உபகரணப் பொறுப்பாளர். காலால் உதைக்கிற பந்து இல்லை இது. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டி வீழ்த்துகிற விளையாட்டு. எண்பது தலைக்கு ஹெல்மெட் பொருத்துவது, சேறும் வியர்வையுமான உடுப்பைத் தோய்ப்பது, சப்பாத்தின் அடியில் தேய்ந்த குமிழ்களை மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. ஊரில் நான் கிரிக்கெட் மட்டையைக்கூட ஒழுங்காகப் பிடித்ததில்லை என்பது மனைவிக்கு மட்டும் தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றேன். பிரியாவிடைக்கு வந்தவர்கள் நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் போனது பழி வாங்க.

யாரைப் பழி வாங்கப் போனேனோ அவர் இப்போது விளையாட்டுத் துறையின் இயக்குநர். பத்தொன்பது வருடத்துக்கு முன் அணியின் பயிற்சியாளர். அந்த வருடம் எங்கள் அணியில் ஒரு தமிழ் இளைஞன் இருந்தான். நல்ல உயரம், ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆள் இல்லை. அவனுடைய தாயைக் கோயிலில் பழக்கம். பருவம் தொடங்க முன் ஒரு வெள்ளிக்கிழமை, செருப்பு வைக்கிற இடத்தில் என்னை மறித்தார்.

“அண்ணை, எனக்கு உந்த விளையாட்டு ஒண்டும் விளங்காது. நீங்கள் அங்க நிக்கிறீங்கள் எண்ட தைரியத்திலதான் விடுறன்.”

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி. நான் பாத்துக்கொள்ளுறன்” என்றேன், பெரிய ஆள் மாதிரி.

ஓர் ஆட்டத்தில் அவன் தலையில் அடிபட்டு விழுந்தான். எழும்பியவனுக்கு எங்கள் பக்கம் எது, எதிரணிப் பக்கம் எது என்று தெரியவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தலையில் அடிபட்டவன் எவ்வளவு சொன்னாலும் கேளாமல் மறுபடி மைதானத்துக்குள் ஓடப் பார்ப்பான். அதனால் அணியின் சிகிச்சையாளர் அவனுடைய ஹெல்மெட்டைப் பறித்து என்னிடம் தந்துவிடுவார். ஹெல்மெட் இல்லாமல் ஆட முடியாது. நான் அதற்கு மேலும் ஒரு வேலை செய்வேன். உள்ளே இரண்டு கன்னத்தையும் இறுக்கிப் பிடிக்கிற தாடைப் பஞ்சுகளைக் கழற்றி என் பொக்கற்றுக்குள் போட்டுக்கொள்வேன். அவை இல்லாவிட்டால் ஹெல்மெட் சருவச் சட்டியைக் கவிழ்த்த மாதிரித் தலையில் ஆடும். அன்றும் அப்படியே செய்து, ஹெல்மெட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒருவனுக்கு அறுந்துபோன தோள் பட்டியை மாற்றப் போனேன்.

நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். பயிற்சியாளர் பெட்டியைத் திறந்து, ஹெல்மெட்டை எடுத்து, அவன் தலையில் மாட்டி உள்ளே அனுப்பிவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தபோது திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் நின்றார், அவன் ஓடிக்கொண்டிருந்தான். கத்தினேன். பதற்றத்தில் தமிழில்தான் கத்தினேன். பஞ்சு இரண்டும் என் பொக்கற்றுக்குள் இருந்தன. அடுத்த மோதலில் விழுந்தவன் எழும்பவில்லை.

உயிர் தப்பினான். படிப்புப் போனது. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. இப்போது புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான், கட்டடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடு. அந்த நாளைப் பற்றி அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. சிகிச்சையாளரோ ஹெல்மெட் எடுபட்ட நேரம் குனிந்து வேறொருவனின் கணுக்காலுக்குத் துணிப்பட்டி சுற்றிக்கொண்டிருந்தார்.

விசாரணை வைத்தார்கள். ஹெல்மெட்டில் பஞ்சு இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். பொறுப்பாளர்தான் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார், பஞ்சைப் போட மறந்துவிட்டார் என்று பயிற்சியாளர் சொன்னார். அவனை உள்ளே போகவிடாமல் வைக்க நான் செய்த வேலையே என் தலையில் விடிந்தது. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, பிழை என்னுடையது என்று எழுதிய ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடியும், போடாவிட்டால் என் வேலைக்குத் தான் பொறுப்பில்லை என்றார். ஊரில் மறுபடி சண்டை மூண்டிருந்த காலம். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் அவர்களைக் கூப்பிட நான் போட்டிருந்த ஸ்பொன்சரும் போய்விடும் என்று பயந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

செய்தி கோயிலுக்கு எனக்கு முந்திப் போய்விட்டது. அந்தத் தாய் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்னதானத்தில் அவர்தான் சோறு பரிமாறுவார். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரையும் “காணுமோ? இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்று கேட்பார். என் தட்டுக்கு மட்டும் அகப்பை வரும், கேள்வி வராது. பத்தொன்பது வருடம் அந்தச் சோற்றைத் தின்றேன். வேறு நாளில் போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு தட்டுச் சோற்றுக்கும் அந்த மனிசன் மேல் எனக்கு ஆத்திரம் ஏறியது, அது எனக்குத் தேவையாக இருந்தது.

சும்மாவும் இருக்கவில்லை. உபகரணப் பொறுப்பாளரோடு பகைத்துக்கொள்வது புத்தியுள்ளவன் செய்கிற வேலை அல்ல. ஒவ்வொரு வருடமும் அவருடைய ஜாக்கெட்டை ஓர் அளவு சின்னதாக எடுத்து, உள்ளே தைத்திருந்த அளவுத் துண்டை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். தான் பருத்துவிட்டதாக நினைத்து மனிசன் வருடம் தவறாமல் பட்டினி கிடந்தார். மதியத்தில் இலைகுழையைத் தின்றுகொண்டிருப்பதைக் கண்ணாரக் கண்டேன். மழை நாளில் அவருக்குப் போகும் காலுறை ஒருபோதும் முழுதாகக் காய்ந்திருக்காது. அவருடைய விசில் ஒழுங்காக ஊதாதபடி அதற்குள் இருக்கிற குண்டை எத்தனை தரம் மாற்றினேன் என்பது எனக்கே நினைவில்லை. இதெல்லாம் சில்லறைத்தனம் என்று தெரியும். ஆனாலும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

பஞ்சு இரண்டையும் ஒரு பிஸ்கட் தகர ரின்னுக்குள் போட்டு கர்க்லாண்டில் எங்கள் வீட்டு நிலவறையில் வைத்திருந்தேன். ஓய்வு நாள் குறித்ததும் வெளியே எடுத்தேன். அந்தத் தாய்க்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: “உங்கள் மகனுடைய ஹெல்மெட்டை நான் கொடுக்கவில்லை. நிரூபிக்கிறேன். வாருங்கள்.”

வந்தார். மகன் சத்தத்துக்குப் பயந்து வாகனத்துக்குள் இருந்துவிட்டான். அவர் குளிர் அங்கியைக் கழற்றாமல் ஜிம் மண்டபத்தின் கடைசிக் கதிரையில் இருந்தார்.

இயக்குநர் பேசினார். நான் தோய்த்து மடித்து வைத்த அணிச் சட்டையையே கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு எனக்குப் பரிசாகத் தந்தார். “இருபத்தெட்டு வருடத்தில் இவர் கையிலிருந்து ஒரு பொருள் தொலைந்ததில்லை” என்றார். கை தட்டினார்கள். நான் ரின்னைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். என்னுடைய ஆங்கிலம் ஓட்டை ஆங்கிலம். ஆனால் இந்த ஐந்து வசனங்களையும் பத்தொன்பது வருடமாகத் தோய்க்கிற மெசினுக்கு முன்னால் நின்று பாடமாக்கியிருந்தேன்.

“இது அந்த ஆட்டத்தில் நான் கழற்றிய பஞ்சு. அன்று முழுக்க இது என் பொக்கற்றில் இருந்தது. ஹெல்மெட்டை நான் கொடுத்திருந்தால் பஞ்சைப் போட்டுத்தான் கொடுத்திருப்பேன். பெட்டியைத் திறந்து எடுத்தது நீங்கள். அவனுடைய தாய் அதோ இருக்கிறார்.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. இது அதற்கான நேரமில்லை என்று பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். பழைய வீரர்கள் இரண்டு மூன்று பேர் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் மேசையில் ரின்னை வைத்துவிட்டு வெளிக்கிட்டார். ஜாக்கெட்டை மாட்டி இழுத்தார், வயிற்றுக்குக் கிட்ட சிப் ஏறவில்லை. மறுபடி இழுத்தார். எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் அந்தச் சிப்போடு மல்லுக்கட்டினார். நான் சிரித்தேன். அவ்வளவு சந்தோசம் மகள் பிறந்தபோதுகூட எனக்கு வரவில்லை. அவள் இதை வாசிக்கக்கூடாது.

அவர் போன பிறகு அந்தத் தாய் எழும்பி வந்தார். ரின்னுக்குள் இருந்து பஞ்சை எடுத்து விரலால் அமத்திப் பார்த்தார்.

“இதுதானோ?”

“ஓம்.”

“அப்ப நீங்கள் குடுக்கேல்லை.”

“இல்லை. அவர்தான் எடுத்தவர். நான் கத்தினனான்.”

“ஆனா கடுதாசியில கையெழுத்து வைச்சது நீங்கள்.”

“ஓம். மனுசியும் பிள்ளையும் அப்ப கொழும்பில...”

“என்ர பிள்ளை அப்ப இங்க ஆசுபத்திரியில.”

பஞ்சு இரண்டையும் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

“பத்தொன்பது வருசமா இதை வீட்டில வைச்சுக்கொண்டோ அண்ணை, வந்து என்ர கையால சோறு வாங்கினனீங்கள்?”

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அவர் என்னை அண்ணை என்று கூப்பிட்டார்.