கொட்டாம்பட்டி சாலையில் இறுகிப்போன கியர்

சனிக்கிழமை நானும் அம்மாவும் ஆரப்பாளையத்திலிருந்து கொட்டாம்பட்டிக்குக் காரில் போனோம். சுற்றிப் பார்க்க அல்ல. அம்மாவுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வந்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ்ஸில் போனால் வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரை நான் தனியாக இருக்கக் கூடாது என்று மஸ்கட்டிலிருந்து அப்பா சொல்லிவிட்டார். "சனிக்கிழம ஒரு தடவ ஓட்டிப் பாரு. வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா வித்துருவோம், பாப்பாவ ஹாஸ்டல்ல விட்ருவோம்." எனக்கு ஹாஸ்டலுக்குப் போக இஷ்டமே இல்லை. அதனால் இதைப் பயணம் என்பதைவிடப் பரீட்சை என்றே சொல்லலாம். அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரம் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அம்மா லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது என்பதால் ஒன்றரை மணி நேரம் கணக்கு வைத்திருந்தோம். மாட்டுத்தாவணி தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகுதான் கியர் இறுகியது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக அம்மா இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. கீழே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல.

எனக்கு முதல் சந்தேகம் வண்டியை எங்களுக்கு விற்றவர் மேல். இரண்டாவது சந்தேகம் விஜயா அத்தை மேல். அத்தை அப்பாவின் தங்கை, அடுத்த தெருவில் இருக்கிறார். "நீங்க ஓட்டுனா கியர் பெட்டி தாங்காது மைனி" என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, "சும்மா உக்காந்து பாக்குறேன்" என்று சாவியை வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நின்றே விட்டது. முதல் கியர் விழ மறுத்தது. பின்னால் லாரி டிரைவர் தலையை நீட்டினார்.

"யக்கா, எடுக்குறீகளா? இல்ல நாங்க இங்கனயே பொங்க வைக்கவா?"

பதற்றத்தில் என்ஜின் அணைந்தது. அப்போது பாருங்கள், அதே முதல் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. மறுபடி சாவியைத் திருப்பினால், அம்மா கிளட்சை அழுத்தியிருந்தும் வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்தது. எப்படியோ உருட்டிக்கொண்டு மேலூர் போய், சாலையோர ஒர்க் ஷாப் ஒன்றில் நிறுத்தினோம்.

மெக்கானிக் கியர் கம்பியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். "கியர் பெட்டிய எறக்கணும்க்கா. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

"எறக்காமப் பாக்க முடியாதாண்ணே?"

"ஸ்கேனா எடுக்க முடியும்?"

இவரும் சேர்ந்துதான் ஏமாற்றுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. பெட்டி கெட்டிருந்தால் என்ஜின் அணைந்திருக்கும்போதும் கியர் முரண்டு பிடிக்க வேண்டாமா? வாய்விட்டுக் கேட்டேன். அம்மா என்னை முறைத்தார். மெக்கானிக் முறைக்கவில்லை. என்ஜினை அணைத்து ஐந்து கியரையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் சுலபமாக விழுந்தன. "அப்ப கிளட்சு முழுசா விடல" என்று மிதியைக் கையால் அழுத்தினார். அது பாதியில் எதன் மேலோ முட்டி நின்றது. என் போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"ஆத்தி! கனியில்ல கெடக்கு!"

கிளட்ச் மிதிக்கு அடியில் கிடந்த கால் விரிப்பின் மடிப்புக்குள், குங்குமம் அப்பிய எலுமிச்சம்பழம் சிக்கியிருந்தது. "நான் தொட மாட்டேன் தாயி. யாரோ வச்சு விட்ருக்காக" என்றார் மெக்கானிக். எனக்கு அழுகை வந்தது. செய்வினை, அத்தைதான், சந்தேகமே இல்லை.

அம்மா வெறும் கையால் அதைப் பிடுங்கி எடுத்தார். "ஊறுகாய்க்குக்கூட ஆகாது" என்றார். வண்டியை எடுத்தால், கியர் புதிது மாதிரி விழுந்தது. மெக்கானிக் காசு வாங்கவில்லை. "நல்லவேள, பக்கத்து மிதிக்கு அடியில போகல. அது பிரேக்கு" என்று மட்டும் சொன்னார்.

மீதி தூரத்தில் குறை ஒன்றுமில்லை. கொட்டாம்பட்டியில் இரண்டு டீ, முப்பது ரூபாய். அங்கே வைத்து அம்மா அத்தைக்குப் போன் போட்டார். நானும் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

"விஜயா, வண்டிக்குள்ள கனி வச்சியா?"

"ஆமா மைனி. தெனமும் ஒத்தையில அம்புட்டுத் தூரம் போகப் போறீகளேன்னு கோயில்ல வாங்கி கண்ணாடிக்கிட்ட ஓரமா மறைச்சு வச்சேன். சொன்னா சிரிப்பீக."

"அது உருண்டு கிளட்சுக்கு அடியில விழுந்துருச்சுடி."

அத்தை கேட்டார். "எது மைனி? நான் ரெண்டுல்ல வச்சேன்."

அங்கேயே வண்டியை அலசினோம். ஞாயிற்றுக்கிழமையும் தேடினோம். இரண்டாவது பழம் கிடைக்கவில்லை. கதவைத் திறந்தபோது எங்கேயாவது உருண்டு போயிருக்கும் என்கிறார் அம்மா. அப்பாவிடம் "வண்டி ஜோரா ஓடுச்சு" என்று சொல்லிவிட்டார்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கியர் இறுகினால் என்ஜினை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்தால் உடனே பெட்டியை இறக்கச் சம்மதிக்காதீர்கள், முதலில் கிளட்ச் மிதிக்கு அடியில் பாருங்கள். கண்ணாடிக்கு முன்னால் உருளும் பொருள் எதையும் வைக்காதீர்கள், சாமி பிரசாதமானாலும்.

நாளை திங்கட்கிழமை. போகாதீர்கள் என்று அம்மாவிடம் நான் சொன்னால் வண்டியை விற்றுவிடுவார்கள். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அத்தை வைத்தது பாசத்தில்தானா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் பழத்துக்குப் பாசமும் தெரியாது, பகையும் தெரியாது. அம்மா எழுவதற்கு முன்னால் சாவியை எடுத்துக்கொண்டு போய், சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, பிரேக்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவப் போகிறேன். நாளைக்கு மட்டுமல்ல, தினமும்.